தாமதச் சீட்டு

ஜப்பானில் மினெசுகா புறநகர் ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் குராமொச்சி. ரயில் இரண்டு நிமிடம் பிந்தினாலும் வாசலில் நின்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார். ரயில்தான் பிந்தியது என்று அலுவலகத்தில் காட்டுவதற்கு ஆளுக்கொரு தாமதச் சீட்டு கொடுப்பார். தான் எவ்வளவு பிந்திப் போனாலும் வீட்டுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. சோறு ஆறிக் கிடக்கும்.

கூட்டம் குறைந்துபோனதால் ஒருநாள் நிலையத்தையே நிரந்தரமாக மூடினார்கள். அன்று மாலை கடைசி ரயிலும் நான்கு நிமிடம் பிந்தித்தான் வந்தது. எல்லோரும் வீடு திரும்புகிறவர்கள்; நீட்டிய சீட்டை ஒருவரும் வாங்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

"ஆறு மணிக்கு வர்றேன்னீங்களே?" என்றாள் மனைவி சதாயே.

பழக்கதோஷத்தில் குனிந்து, நான்கு நிமிடம் என்று குறித்த ஒரு சீட்டை நீட்டினார்.

"நாலு நிமிஷத்துக்குச் சரி. முப்பத்தோரு வருஷத்துக்கு?"

பையில் மிஞ்சியிருந்த சீட்டுகளைக் கட்டோடு அப்படியே எடுத்து அவள் முன் வைத்தார்.

"பத்தாதுங்க," என்றாள்.