மொனிட்டரில் வராத முகம்

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கத்தான் போனேன். போன இடத்தில் ஒரு துக்கத்துக்குள் மாட்டிக்கொண்டேன்.

மாத்தளைக்குப் பக்கத்தில், ரத்தோட்டையில் நசீர் நானா ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எனக்கு அண்ணன் மாதிரி, நெடுநாள் பழக்கம். அன்றைக்கு நான் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தார். லூர்தக்கா. ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். கடைசியாகப் பெய்த பெருமழையில், மண்சரிவு லயத்து வரிசையிலிருந்த அவருடைய வீட்டை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. இப்போது குடும்பத்தோடு தங்கை வீட்டில் ஒண்டியிருக்கிறார்.

அவர் கேட்டது ஒரேயொரு படம். மகள் ஜெசிந்தா புதுநன்மை எடுத்த அன்று, கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய அன்று, பிடித்தது. பிள்ளை அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். ஆளுக்கொரு ஃபோன் வருவதற்கு முந்திய காலம். அவளைப் படம் எடுத்ததே அந்த ஒரு தரம்தான். எடுத்தவர் நசீர் நானா. ஃபிரேம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்களாம்.

“சத்தம் கேட்டதும் மாமியாரத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டோங்க. எல்லாரும் பொழச்சிட்டோம். அவளத்தான் விட்டுட்டு வந்துட்டேன்” என்றார்.

நானா உள்ளே போய், துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். அந்தக் காலத்துப் படமெல்லாம் அதற்குள்தான்.

“உள்ளுக்கு ஈக்கிது தங்கச்சி. பாக்கத்தான் ஏலாம ஈக்கிது.”

படம் உள்ளே இருந்தும் ஏன் பார்க்க முடியாது? அதன் மொனிட்டர் எப்போதோ செத்துப்போய்விட்டது. ஸ்டூடியோவில் புது மொனிட்டர் ஒன்று பளபளவென்று நிற்கிறது, உண்மைதான். ஆனால், பழைய பெட்டியின் முதுகில் இருப்பது ஊசித் துளைகள் நிறைந்த நீல நிற வீஜிஏ. புது மொனிட்டரில் இருப்பதோ தட்டையான எச்டிஎம்ஐ. ஒன்றின் வயர் மற்றதற்குள் போகாது.

இதற்கா கவலை? ஒரு கன்வர்ட்டர் வாங்கினால் முடிந்தது! — இப்படி வாயை விட்டது நான்தான். மாத்தளை டவுனில் வாங்கி வருகிறேன் என்று லூர்தக்காவுக்கு வாக்கும் கொடுத்தேன்.

வாங்கி வந்தேன். இந்தப் பக்கம் பொருந்தியது. அந்தப் பக்கமும் பொருந்தியது. கம்ப்யூட்டரைப் போட்டோம். உள்ளே ஃபேன் உறுமியது. மொனிட்டரில்... ‘சிக்னல் இல்லை.’ நிறுத்தினோம். கழற்றி மாட்டி மறுபடி போட்டோம். சிக்னல் இல்லை.

திரும்பவும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார். நான் வாங்கியது புதுக் கம்ப்யூட்டரைப் பழைய மொனிட்டரில் பார்ப்பதற்கானது. பழைய கம்ப்யூட்டரைப் புது மொனிட்டரில் பார்க்க வேறொன்று வேண்டும். அதை யாரும் கேட்பதில்லையாம். அதனால் வைத்திருப்பதும் இல்லையாம்.

யோசித்துப் பாருங்கள். புதியதிலிருந்து பழையதற்குப் போக, கடைக்குக் கடை வழி தொங்குகிறது. பழையதை இந்தப் பக்கம் கூட்டி வரத்தான் வழியில்லை.

சரி, பழைய மொனிட்டர் ஒன்றையே இரவல் வாங்கலாமே? தேடாமலா இருந்தோம்! பள்ளிக்கூடத்தில் கேட்டோம். ஃபோட்டோகொப்பி எடுக்கும் கம்யூனிகேஷன் கடைகளில் கேட்டோம். எல்லாம் என்றைக்கோ பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டன. பெட்டியைக் கழற்றவோ வேறெங்கும் கொடுத்துவிடவோ நானாவுக்குப் பயம்.

லூர்தக்கா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்துவிடுவார். பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். அவசரப்படுத்தமாட்டார். அக்காவின் அந்த முகத்துக்காகவே நானா எதையாவது மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார். வேறு கேபிள், வேறு பிளக்... ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த கிழட்டு ஹார்ட் டிஸ்க் கரகரவென்று எழும்பும். பிறகு அடங்கும்.

கடைசியில், கொழும்பிலிருக்கும் என் நண்பர் ஒருவர் சரியான கன்வர்ட்டரைத் தேடிப் பிடித்து அனுப்பினார்.

அன்று ஞாயிறு. மாட்டினோம். படம் வந்தது! நானா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். லூர்தக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நானா தேடித் தேடி, ‘புதுநன்மை’ என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தார்.

முத்திரை அளவில் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுதிரி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி. லூர்தக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, மொனிட்டருக்குக் கிட்டக் குனிந்தார்.

“இது மேல் லயத்துப் புள்ள... இது எங்க ஜெசிக்கு முன்னால நின்னவ...”

அதோடு நின்றது. அடுத்த படம் வரவில்லை. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். திரை நீலமானது. திரும்பப் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி — டிஸ்க் இல்லையாம்.

டிஸ்கைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினோம். போன வாரம் திரும்பி வந்தது. உள்ளே தட்டில் கீறல் விழுந்துவிட்டதாம். ஒன்றும் எடுக்க முடியாதாம். அந்தச் சரியான கன்வர்ட்டர் முதலிலேயே கிடைத்திருந்தால்? கண்ட கேபிளையெல்லாம் மாட்டி, அதைத் தட்டித் தட்டி எழுப்பாமல் இருந்திருந்தால்? நானா என்னிடம் கேட்டார். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

லூர்தக்காவிடம் நானாவே சொன்னார். அவர் அழவில்லை. சேலை முந்தானையைத் திருகினார். பிறகு கேட்டார்.

“நானா, அந்தப் படத்துல அவ சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தான்னு நான் சொல்றேன். இல்லவே இல்லங்கிறாரு எங்க வீட்டுக்காரரு. தெனமும் பாத்த படம்... இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்கதானே எடுத்தீங்க. சொல்லுங்க, சிரிச்சாளா?”

நானா யோசிக்கவே இல்லை. “சிரிச்சா தங்கச்சி. நல்லா சிரிச்சா.”

“அதத்தான் நானும் சொன்னேன்” என்றார் லூர்தக்கா. பஸ் வரும் சத்தம் கேட்டு இறங்கிப் போனார்.

பஸ் போன பிறகு நானா நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ பிள்ளைகளை எடுத்திருக்கிறாராம். அந்தப் பிள்ளையின் முகம் அவருக்குக் கொஞ்சமும் ஞாபகமில்லையாம்.

ஆட்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அப்படியும் அந்த அக்காவை அடையாளம் கண்டுகொண்டவர்கள் யாராவது இருந்தால்... தயவுசெய்து இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.