பிந்திய ஆறு நிமிடம்

கெர்லோஃப் முப்பது வருடம் காதுக்கருவி ஆலையில் நுண்ணிய பாகங்களைப் பற்றவைத்தவர். ஓய்வுக்குப் பிறகு, லேவார்டன் நகரில் எங்கள் பேட்டைக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ரேடியோ, காபி மெஷின் என்று எது வந்தாலும் இலவசமாகச் சரிசெய்தார். காபி ஊற்றுவது நான். கோப்பைக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பாவை மூடிவிடுவேன். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

கெர்லோஃபுக்கு வேலை சுத்தம், வாய்தான் அதிகம். “பழுது சாமான்ல இல்லேன்னா ஆள்கிட்ட இருக்கு” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2018 பிப்ரவரி கடைசியில் ஆவ்க்யே கடிகார ரேடியோவோடு வந்தார். வயது எழுபத்தெட்டு. மகள் ரென்ஸ்கேயும் கூட வந்திருந்தாள்.

“புத்தாண்டன்னிக்குச் சரியா வெச்சேன். இப்போ தேவாலய மணியைவிட அஞ்சு நிமிஷம் பின்னாடி ஓடுது. பாட்டுக்குழுவுக்குப் போற பஸ்ஸை மூணு தடவை விட்டுட்டேன்.”

“நீயே தப்பா வெச்சிருப்பம்மா. மறதி வந்துடுச்சு. இனிமே உன்னைத் தனியா விட முடியாது. முதியோர் இல்லத்துல பேசிட்டேன்.”

கெர்லோஃப் ரேடியோவைத் திறந்து ஒவ்வொரு பாகத்தையும் சோதித்தார். தன் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் ஓடவிட்டார். ஒரு விநாடிகூடப் பிசகவில்லை.

“சாமான்ல ஒண்ணுமில்லே” என்றார். மீதி வாக்கியம் எல்லோருக்கும் தெரியும்.

“அப்போ நான்தானா?” என்றார் ஆவ்க்யே. பிஸ்கட்டை அவர் தொடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கெர்லோஃப் ஆறு நிமிடம் தாமதமாக வந்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

“கைக்கடிகாரத்தை மறந்துட்டேன். வீட்டு அடுப்புல இருக்கற கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினேன்.”

விடுவேனா? “பழுது ஆள்கிட்டயோ?”

அவர் சிரிக்கவில்லை. “கைக்கடிகாரம் பேட்டரியில ஓடுது. அடுப்புக் கடிகாரம், அந்தம்மாவோட ரேடியோ, ரெண்டும் கரண்டோட துடிப்பை எண்ணித்தான் ஓடுது. கரண்டே மெதுவா துடிச்சா? நாளுக்குச் சில விநாடி. அரைமணியில எப்படித் தெரியும்! நான் ஒரு மடையன்.”

அன்று கூடத்தைப் பூட்டிவிட்டு இருவரும் மழையில் சைக்கிள் மிதித்தோம். ஆவ்க்யே வீட்டில் ரென்ஸ்கே பெட்டிகளில் அம்மாவின் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கெர்லோஃப் நனைந்த கோட்டோடு நேரே அடுப்புக் கடிகாரத்தின் முன்னால் அவளை நிறுத்தினார். “உங்க போன்ல மணி என்ன? இதுல என்ன?”

சரியாக ஆறு நிமிட வித்தியாசம். ரென்ஸ்கே மடித்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“பழுது ரேடியோவுலயும் இல்லே, உங்ககிட்டயும் இல்லே. வர்ற கரண்டுல. என் வீட்டு அடுப்புலயும் இதே ஆறு நிமிஷம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க” என்றார் கெர்லோஃப், ஆவ்க்யேயிடம்.

“அப்போ நான் இல்லையா?” ஆவ்க்யே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

பிறகு எழுந்து காபி போட்டார். ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். டப்பாவை மூடாமல் கெர்லோஃப் பக்கம் நகர்த்தி வைத்தார்.