சாயங்கால வெளிச்சத்தில் வாங்கிய பைனாகுலர்

எங்கள் அத்தை சேலை எடுக்கும் அழகைப் பார்க்கத் தனியாக டிக்கெட் போடலாம். கடைக்காரர் விரித்துக் காட்டும் எதையும் அவர் கடைக்குள் வைத்து நம்பமாட்டார். இரண்டு சேலைகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய், தெரு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "உள்ள லைட்டு போட்டா சாக்குத்துணிகூட பட்டாத்தான் தெரியும்" என்பார். கடைப்பையன் பதறிப்போய்ப் பின்னாலேயே வருவான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வந்திறங்கும் சரக்கைச் சரிபார்ப்பது அவர் வேலை. மாமா கண்டெய்னர் லோரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஜெஞ்சாரோம் பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள். எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகளைப் பன்றிகள் குடைந்து தள்ளுகின்றன என்று தோட்டத்து முதலாளியான தவுக்கே கூப்பிட்டதில் தொடங்கிய பழக்கம் அது. துப்பாக்கியும் லைசென்ஸும் மாமாவுடையவை, பார்வை அத்தையுடையது. அத்தை பைனாகுலரில் பார்த்து "பன்னிதான்" என்று சொல்லாதவரை மாமா விசையில் விரல் வைக்கமாட்டார். குடும்பத்தில் மாமாவின் குறியை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. அத்தையின் கண்ணைத்தான் பாராட்டுவார்கள், அதிலும் முதல் ஆள் மாமா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வேட்டையை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா முடியவே முடியாது என்றார். அத்தை மட்டும், "கண்ணுல படுறத உள்ளபடி சொல்லத் தெரிஞ்சா கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் அந்தத் தீபாவளிக்குச் சேலை எடுக்க ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போன நாள் முழுக்க, கண்ணில் பட்டதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

சேலை எடுத்து முடிந்ததும் பைனாகுலர் கடை. பழையது சாக்கடையில் விழுந்துவிட்டது. தூக்கினால் கழுத்து ஒடிகிற கனம் அதற்கு, விழுந்ததே நல்லது என்றார் அத்தை. இந்த முறை சட்டைக்குள் தொங்கப் போடுகிற மாதிரி சின்னதாக வேண்டுமாம். கடைக்கார இளைஞர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அதிலேயே பெரிதாக இருந்ததை மாமாவிடம் நீட்டினார்.

"அங்கிள், இது பன்னெண்டு பவர் லா. காப்பார்ல நின்னா போர்ட் கிள்ளான் கிரேன் தெரியும்."

"கிரேன சுட லைசென்ஸ் இல்ல தம்பி" என்றார் அத்தை. "பவர் ஏற ஏறக் கை ஆட்டமும் சேர்ந்து தெரியும். எட்டு போதும். இருட்டுற நேரத்துல எது தெளிவா காட்டும், அத எடுங்க."

இளைஞர் அப்போதுதான் அத்தையைச் சரியாகப் பார்த்தார். அதன்பிறகு மாமாவிடம் பேசவேயில்லை. மாமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெருமையோடு உட்கார்ந்துகொண்டார்.

மணி ஏழை நெருங்கும்வரை அத்தை எதையும் முடிவு செய்யவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் நான்கைந்து பைனாகுலர்களைச் சேலை மாதிரியே தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். இளைஞர் பின்னாலேயே ஓடி வந்தார். அத்தை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கண்ணாடி மங்கல் என்றார். முந்தானையால் துடைத்தார், திரும்பப் பார்த்தார், மறுபடியும் மங்கல்.

"ஆன்டி, எல்லாம் புது ஸ்டோக். இப்பதான் பிளாஸ்டிக் பிரிச்சேன்."

மாமாவும் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்குப் பளிச்சென்றுதானே தெரிகிறது என்று முனகினார். ஆனால் அத்தையின் கண்ணோடு யார் வாதாடுவது? எவ்வளவு நுட்பமான பார்வை இருந்தால் புதுக் கண்ணாடியிலேயே குறை தெரியும் என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

பிறகு அத்தை அவற்றை என்னிடம் கொடுத்தார். எதிரே நின்ற லோரிக்கு அடியில் இருட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். முதல் பைனாகுலரில் எனக்கு இரண்டு வட்டங்கள் தெரிந்தன, இரண்டும் ஒட்டவேயில்லை. அதை எவ்வளவு மடக்கியும் என் கண்களுக்கு அகலமாகவே இருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். போச்சு, வேட்டை போச்சு என்று நினைத்தேன். உள்ளபடி சொல்ல வேண்டுமே என்று சொல்லியும் விட்டேன்.

"ரெண்டு ரெண்டா தெரியுது அத்தை."

அத்தை திட்டவில்லை. இருப்பதிலேயே சிறியதை எடுத்து, நன்றாக மடக்கி என் கண்ணில் வைத்தார். சட்டென்று ஒரே வட்டம்.

"பூனை. படுத்திருக்கு. வாலு மட்டும் வெள்ள."

"இதையே போடுங்க தம்பி" என்றார் அத்தை. அந்த வாலை அவரும் பார்த்திருப்பார், என் பதிலைச் சரிபார்த்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவிடம் அத்தை என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினார் என்று தெரியாது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே பிக்கப் வண்டியின் பின்தட்டில் மூவரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் இறங்கும் நேரம், வரிசையின் கோடியில் கறுப்பாக ஒன்று அசைந்தது. தரையை முகர்வதுபோல் குனிந்து குனிந்து நகர்ந்தது. மாமா துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எப்போதும்போல் காத்திருந்தார்.

அத்தை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பைனாகுலரை மடக்கி என் கையில் வைத்து, "நீ சொல்லு" என்றார்.

"பொம்பள, அத்தை. தலைல துணி கட்டியிருக்காங்க. சாக்குல பழம் பொறுக்கிப் போடுறாங்க."

"இறக்குங்க" என்றார் அத்தை. மாமா இறக்கினார். அத்தை எழுந்து நின்று மலாயில் உரக்கக் கூப்பிட்டதும், உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிர்ந்து கையை ஆட்டினார். அத்தை கீழே இறங்கிப் போய், எங்களுக்கென்று கட்டி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பும் வழியெல்லாம் என் கையை விடவில்லை. நான் பரீட்சையில் தேறிவிட்ட மகிழ்ச்சியில் மிதந்தேன்.

அன்றோடு வேட்டை நின்றது. இனி வேண்டாம் என்று அத்தை ஒரு வார்த்தைதான் சொன்னார். ஏன் என்றுகூடக் கேட்காமல் மாமா துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். பன்றி என்று சொல்லாமல் பெண் என்று சொல்லி நான்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று பல நாள் மருகினேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தபோது, எப்போதிலிருந்து மங்கல் என்று கேட்டேன்.

"அந்த பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு முன்னாடியே. கண்ணாடிதான் மங்கல்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்லிக்கிட்டேன்."

"அப்ப அன்னைக்கு தோட்டத்துல?"

"ஒரு கறுப்பு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. தெரியாதத தெரியும்னு சொல்ல வாய் வரல. அதான் உன்கிட்ட குடுத்தேன்."

நாடு முழுக்கப் பார்வைக்குப் பெயர் வாங்கிய மனுஷியைப்போல வளைய வந்தவர், அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள "பன்னிதான்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்ததற்காகவே அவர் மேல் எனக்கு இன்றும் கொள்ளை மதிப்பு. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. என் பதிலைச் சரிபார்க்க அத்தை பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில், ஒன்பது வயதுக்காரி வெகு சாதாரணமாகச் சொன்னேன். துப்பாக்கி மாமாவின் தோளில் இருந்த அந்த நிமிடத்தில், பிக்கப்பில் இருந்த மூவரில் அந்தப் பெண்ணைக் கண்டது நான் ஒருத்திதான்.