கம்பிக்கு வெளியே ஒரு கல்யாண போர்டு

ஐதராபாத்தின் பேகம்பேட்டையில் பழைய விமான நிலையம் இருந்த காலத்தில், வெளியே வருகிறவர்களுக்கும் வரவேற்க நிற்கிறவர்களுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கும். அந்தக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு, விருந்தாளியின் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்பதுதான் என் வேலையில் பாதி. மீதிப் பாதி கார் ஓட்டுவது. பகலில் கார் ஓட்டுவதில் எனக்குப் பயம் இருந்ததில்லை. பயமெல்லாம் அட்டையில்தான்.

பயம் எனக்குப் பொதுவாகவே கொஞ்சம் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். காலை விமானம் என்றால், அது கிளம்புகிற ஊரில் அதற்குப் படிக்கட்டு வைக்கும் முன்பே இங்கே வந்து நின்றுவிடுவேன். மார்க்கர் பேனா காய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பையில் இன்னொன்று வைத்திருப்பேன். அதுவும் காய்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலைக்குத்தான் வழி தெரியவில்லை.

படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. பரீட்சை என்றால் எனக்குக் காய்ச்சல் வரும். நடிப்பு இல்லை, உடம்பு சுடுகிற நிஜக் காய்ச்சல். செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா ஒவ்வொரு பரீட்சைக்கும் என்னை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடிச் சலித்து, ஒருநாள் "போதும்டா, நீ ஏதாவது கைத்தொழில் கத்துக்க" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் நின்றது, காய்ச்சலும் நின்றது. ஆங்கிலம் மட்டும் பாதியில் மாட்டிக்கொண்டது. எழுத்துகளைத் தனித்தனியாக, ஒன்றை ஒன்று தொடாமல், சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் மாதிரி நிறுத்தி எழுதத் தெரியும். அவ்வளவுதான்.

அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கச்சிபௌலி பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்ப, எங்கள் டிராவல்ஸுக்கு விமான நிலைய வேலை பெருகியது. பெரிய ஓட்டல்களின் டிரைவர்களும் அதே கம்பியில்தான் நிற்பார்கள். வெள்ளைச் சீருடை, கைப்பிடி வைத்த போர்டு, அதில் சேர்த்தெழுத்தில் வழுக்கிக்கொண்டு போகிற பெயர். ஒருநாள் எங்கள் முதலாளி ஒரு உறவினரை அழைத்துப் போக அங்கே வந்தவர், என் அட்டையைப் பார்த்துவிட்டார்.

"கைக்கு ஐசா லிக்ரா ரே?" என்றார். ஏன் இப்படி எழுதுகிறாய் என்று. "கோஷ்த் கா பாவ் ஹை க்யா?"

ஆட்டுக்கறிக் கடையில் விலை எழுதித் தொங்கவிடுகிற பலகை மாதிரி இருக்கிறதாம். பக்கத்தில் நின்ற ஓட்டல்காரன் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. புதிதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் விருந்தாளிகளை ஏற்றி இறக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு புகார் வந்தாலும் விமான நிலையத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, என்னை நைட் ஷிஃப்ட் பிக்கப்பில் போட்டுவிடுவேன் என்றார்.

நைட் ஷிஃப்ட் பிக்கப் என்றால் இரவெல்லாம் கம்பெனிப் பிள்ளைகளை வீடு வீடாகப் பொறுக்கிக்கொண்டு போய் இறக்குவது. எதிரில் வருகிற லாரி வெளிச்சம் கண்ணில் அடித்தால் எனக்குச் சாலையே தெரியாது. பின்னால் தூங்குகிற பிள்ளைகளை நினைத்தால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டேன். அதனால் அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் முதலில் சொன்னது இதுதான்: "எனக்குச் சேர்த்து எழுதத் தெரியணும். இல்லன்னா போச்சு."

மனைவி கான்வென்ட்டில் பத்தாவது வரை படித்தவள். அங்கிருந்த கன்னியாஸ்திரி மதர், ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டித் தட்டி வரவழைத்த கையெழுத்து அவளுடையது. முதல் சில நாட்கள் அவளே எழுதிக் கொடுத்தாள். முதலாளிகூட "ஹவ்" என்று, அதாவது சரி என்று, தலையாட்டினார். ஆனால் நான் கம்பியருகே போய் நின்ற பிறகு ஒருநாள் போன் வந்தது, வருகிற ஆள் மாறிவிட்டார் என்று. அட்டையின் மறுபக்கம் புதுப் பெயரை நானே எழுத வேண்டியதாயிற்று. மறுபடியும் கறிக்கடை. எந்த நேரமும் மனைவியை டிக்கியில் வைத்துக்கொண்டு போக முடியாது. கற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை.

பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தோம்.

"இன்னாங்க, மார்க்கர இப்படி நெரிக்கிறீங்க? அது பாவம், மூச்சு விட வேணாமா?"

"விட்டா வழுக்குதே."

"வழுக்கட்டும். கையத் தூக்காம எழுதுங்க."

"ஒரு எழுத்து முடிஞ்சா கையத் தூக்கித்தானே ஆகணும்?"

"நக்கோ, தூக்க வேணாம். ஃபர்ஸ்ட் கியர்லேந்து செகண்ட் போறப்ப வண்டிய நிறுத்தி, இறங்கி, ஏறியா போறீங்க? ஓடிக்கிட்டேதானே மாத்துறீங்க? இங்கயும் அப்படியே மாத்துங்க."

பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை. அன்றிலிருந்து எழுத்துகள் எனக்குச் சாலையாகத் தெரிய ஆரம்பித்தன. 'எல்' என்றால் மேம்பாலம் ஏறி வளைந்து இறங்குவது. 'எம்' என்றால் வரிசையாக ஸ்பீட் பிரேக்கர். 'எஸ்' ஒரு கொண்டை ஊசி வளைவு, அதில் மட்டும் நான் பிரேக் போட்டு மை கொட்டினேன். பெரிய 'ஜி'யைப் பஞ்சாகுட்டா சிக்னல் என்று வைத்துக்கொண்டேன். உள்ளே போகலாம், எந்தப் பக்கம் வெளியே வருவது என்று தெரியாது.

காலண்டர் தாள் தீர்ந்ததும் பால்கனி சிமெண்டுத் தரையில் ஷேவிங் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து எழுதினேன். அந்த ஊர் வெயில் வரிக்கு வரி அழித்துச் சுத்தமான தரையைத் திருப்பிக் கொடுத்துவிடும். காரைக் கழுவும் முன் பானெட் தூசியில் விரலால் எழுதுவேன். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கில் விரல் தானாக ஓடும். மகள் அப்போது நாலாம் வகுப்பு. தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லுவாள். பள்ளியில் விடப் போகும்போது என் விரலைப் பார்த்துவிட்டு, "டாடி, கைக்கு இத்னா டென்ஷன்? கிரீன் ஹோ கயா, சலோ!" என்பாள். பச்சை விழுந்திருக்கும், பின்னால் ஆரன் கத்திக்கொண்டிருக்கும்.

பயந்தவனுக்கு ஒன்று கைவந்துவிட்டால் அதை விட மாட்டான் போலிருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் எனக்குச் சேர்த்தெழுத்து வந்துவிட்டது. வந்ததோடு நிற்கவில்லை. கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயருக்கு அடியில் ஓடவிட்டு ஒரு சுழி, முதல் எழுத்தின் தலையில் ஒரு சுழி, நடுவில் இடம் இருந்தால் அங்கேயும் ஒன்று. தடித்த கோடு, மெல்லிய கோடு என்று மார்க்கரைச் சாய்த்துப் பிடிக்கக் கற்றேன். மனைவி தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க மதர் பாத்தா கண்ணுல ஒத்திக்கும்" என்றாள். அந்தச் சொல்லோடு நான் தூங்கப் போனேன். அன்று ஒரு கனவுகூட வரவில்லை.

அடுத்த நாள் காலை, சென்னையிலிருந்து வருகிற ஒருவரை அந்தப் புதுக் கம்பெனிக்கு அழைத்துப் போக வேண்டும். நீளமான பெயர். பெரிய ஜி, இரண்டு எல், வால் விடத் தோதான கடைசி எழுத்து. என் வாழ்க்கையிலேயே நன்றாக அமைந்த அட்டை அதுதான். கம்பியருகே நான் அதைத் தூக்கிப் பிடித்தபோது ஓட்டல்காரன் தன் போர்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டான். நான் வேண்டுமென்றே அவன் பக்கம் திரும்பவில்லை.

விமானம் இறங்கியது. ஆட்கள் வந்தார்கள். ஓட்டல்காரன் தன் ஆளை அழைத்துக்கொண்டு போனான். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். என் ஆள் வரவில்லை.

விமானத்தை விட்டுவிட்டாரா? வேறு டிராவல்ஸ்காரன் ஏற்றிக்கொண்டு போய்விட்டானா? தேதி சரிதானா என்று பக்கத்தில் ஒருவர் படித்த பேப்பரை எட்டிப் பார்த்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது. முதலாளிக்குப் போன் செய்தால் "பார்த்துச் சொல்றேன்" என்று கம்பெனிக்குச் செய்வார். அதுவே புகார் மாதிரி ஆகிவிடும். செய்யாவிட்டால் அதைவிட மோசம்.

கம்பிக்கு உள்பக்கம், எனக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தார். நெற்றியில் விபூதி, தோளில் ஒரு துணிப்பை, மார்போடு அணைத்த ஒரு தோல் பை. அவரும் ரொம்ப நேரமாக அங்கேயேதான் நின்றிருந்தார். நாலைந்து முறை எங்கள் கண்கள் சந்தித்தன. ஒவ்வொரு முறையும் இருவரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். ஒருமுறை என் அட்டையையும் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்து அவருக்கு வாகாகத் தூக்கிக்கூடக் காட்டினேன்.

பிறகு அவர் செல்போனை எடுத்தார். ஐதராபாத்தில் யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் நல்ல சத்தமாகவே பேசினார்.

"இல்லம்மா, யாருமே வரல. எல்லா போர்டும் பாத்துட்டேன்... அதான் சொல்றேனே, எல்லாரும் போயாச்சு. ஒருத்தன் மட்டும் கல்யாண போர்டு ஒண்ணு புடிச்சிட்டு நிக்கிறான். மாப்ள வீட்டுக்காரங்க யாரோ வர்றாங்க போல... எனக்கென்ன தெரியும்? அவன் மூஞ்சியப் பாத்தா பொண்ணையே தொலைச்சிட்டவன் மாதிரி இருக்கு."

நான் சுற்றிப் பார்த்தேன். கம்பியருகே அட்டையோடு நின்றது நான் ஒருவன்தான். கல்யாணம் எதுவும் கண்ணில் படவில்லை.

"சார்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "சார், அந்தக் கல்யாணம் உங்களுதுதானோன்னு ஒரு சந்தேகம்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "தமிழா?" என்றார். பிறகு அட்டையை மறுபடி பார்த்தார். நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஓட்டிக் காட்டினேன்.

"இது ஜி சார்."

"இதுவா? நான் அன்னப்பட்சின்னு நெனச்சேங்க."

"இந்த ரெண்டும் எல்லு."

"சரி."

"இது வாலு சார். படிக்க வேணாம். சும்மா விட்டது."

அவர் தன் பெயரைத் தானே ஒருமுறை மெதுவாக, கூட்டிக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். போனிலிருந்து அந்த அம்மாவின் குரல் "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "வந்துட்டாங்க, வச்சிடு" என்று வைத்துவிட்டார்.

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நேரம் நன்றாகத் தாண்டிவிட்டிருந்தது. பஞ்சாகுட்டாவில் நெரிசலில் நின்றபோது அவர் போன் அடித்தது. ஆங்கிலத்தில் பேசினார். ஏன் இவ்வளவு நேரம் என்று கம்பெனியில் கேட்கிறார்கள் என்பது அந்தக் குரலின் அதட்டலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இனி ராத்திரி லாரி வெளிச்சம்தான் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நோ நோ," என்றார் அவர். "டிரைவர் வாஸ் ஆன் டைம். மை லக்கேஜ் கேம் லேட்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். தோல் பை மடியில் இருந்தது. துணிப்பை பக்கத்தில் இருந்தது. வேறு லக்கேஜே கிடையாது.

அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்ன பாக்குறீங்க? எம் பேர எனக்கே படிக்கத் தெரியலன்னு சொல்லச் சொல்றீங்களா? நான் அங்க ஆடிட் பண்ணப் போறேங்க!"

அப்போது வந்த சிரிப்பில் எனக்கு சிக்னல் மாறியதே தெரியவில்லை. பின்னால் ஆரன் கத்தியது. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கச்சிபௌலி வரை ஒரே பேச்சுதான். அவரும் என் ஜாதி, அதாவது கவலை ஜாதி. அன்று அவர் சென்னை விமான நிலையத்துக்குப் போனபோது உள்ளே விடுகிற காவலரே வந்திருக்கவில்லையாம். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கென்றே மனைவியைப் பின்னால் நிறுத்தி வைப்பாராம். "ரெண்டு பேரும் இழுத்துப் பாத்தா ஒரு திருப்தி," என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

சாயங்காலம் விமான நிலையத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, முன்சீட்டிலிருந்த அட்டையைக் கேட்டு வாங்கித் தோல் பைக்குள் மடியாமல் வைத்துக்கொண்டார். "வீட்ல காட்டினாத்தான் நம்புவா."

நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அன்னப்பட்சி வரும்போது அவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, "இன்னொண்ணு எழுதுங்க, அதே மாதிரி" என்றாள். எழுதினேன். "இங்கயே நில்லுங்க" என்று என்னை வாசலில் நிறுத்திவிட்டு, தெருமுனைப் பால் பூத் வரை நடந்துபோய்த் திரும்பி நின்றாள்.

"தூக்குங்க!"

தூக்கினேன்.

"ஒரு கொடி தெரியுது! பூ விட்டிருக்கு! எழுத்தக் காணோம்!"

இத்தனை மாதமும் தரையில் உட்கார்ந்து மூக்குக்குக் கீழே வைத்துத்தான் பார்த்திருக்கிறோம், இருவரும். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு நாள்கூட எட்டி நின்று பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டவன் இதற்கு மட்டும் கவலைப்படாமல் விட்டிருக்கிறேன்.

அதன் பிறகு அட்டைக்கு இரண்டு பக்கம் ஆயிற்று. முன்பக்கம் பெரிய எழுத்தில், நிமிர்த்தி, வாலில்லாமல். ஆனால் பழைய கறிக்கடை இல்லை. சேர்த்தெழுத்து பழகிய கை தனியெழுத்தையும் ஒழுங்காக இடம் விட்டு நிறுத்தியது. அதைப் பார்த்த முதலாளி, "ஹவ், அப் டீக் ஹை", இப்போது சரி, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விமான நிலைய வேலை என்னிடமே இருந்தது. பின்பக்கம் என் இஷ்டத்துக்கு, சுழி, வால், எல்லாம். விருந்தாளி ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் அவருக்குத் தெரிகிற மாதிரி முன்சீட்டில் சாய்த்து வைப்பேன். சிலர் பார்ப்பார்கள். பலர் தூங்கிவிடுவார்கள்.

முன்பக்கத்துக்குப் பரீட்சை பால் பூத்தில். விருந்தாளி வருவதற்கு முதல் நாள் சாயங்காலமே மனைவி அங்கே போய் நின்று, என் கையிலிருக்கிற பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டால் பாஸ். ஜப்பான்காரர் பெயர், ஜெர்மன்காரர் பெயர் எல்லாம் எங்கள் தெருவில் அப்படித்தான் ஒலித்தன. பால் பூத்காரர், "ரேப்பு எவரு வஸ்துன்னாரு அக்கா?" என்று தெலுங்கில் விசாரிப்பார், நாளைக்கு யார் வருகிறார்கள் என்று. மகள் சைக்கிளை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு முன்னால் படித்துவிடப் பார்ப்பாள். நான் இந்த முனையில் அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மனைவி வாய் திறக்கிற வரை, பரீட்சை எழுதிக் கொடுத்த பையன் மாதிரி நிற்பேன்.

ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லை.