இன்ஸ்பெக்டரின் பூட்ஸ்

வெறுங்காலோடு விசில் ஊதும் போலீஸ் இன்ஸ்பெக்டரை நீங்கள் பார்த்ததுண்டா? குலசை தசராவுக்கு வேஷம் கட்டும் எங்கள் ஊருக்கு வாருங்கள், காட்டுகிறேன். தொப்பி, லத்தி எல்லாம் இருக்கும். பூட்ஸ் மட்டும் இருக்காது. விரதமிருந்து வேஷம் கட்டியவர் காலில் எதுவும் போடக்கூடாது என்பது எங்கள் தசரா செட்டின், அதாவது வேஷக் குழுவின், கட்டளை.

லோடு ஆட்டோ ஓட்டும் பேச்சிராஜ்தான் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்டர். மேளம் கேட்டால் அவருக்குச் சோறு வேண்டாம். போன தசராவில் அவருடைய இடது உள்ளங்காலில் கருவேல முள் ஏறியது. சர்க்கரையால் மரத்துப்போன கால், முள்ளோடே ஆடினார். காய்ச்சலில் விழுந்தபோது புண் எலும்புவரை அழுகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"வெரதத்துல ஏதோ கொறை" என்றார் செட்டின் தலைவர். ஒரு செருப்புதான் குறை என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வெட்டிய இடம் லேசில் ஆறவில்லை. தையலோரம் பிரிந்து, சீழ் வைத்து, மறுபடி மூடியது. பிசியோதெரபிஸ்ட் ஷம்ஸியா, முழங்கால் மடங்கியே இறுகிவிடாமல் நீட்டிப் பழக்கினார். வீக்கம் வடிய மிச்சக் காலில் துணிக்கட்டுச் சுற்றக் கற்றுக்கொடுத்தார். செயற்கைக்காலை மாட்டி எழுந்து நின்றதும் பேச்சிராஜ் கேட்ட முதல் கேள்வி:

"இத வச்சி ஆடலாமா தாயி?"

"மொதல்ல பைய நடங்க அண்ணாச்சி! தோலு செவந்தா ஒடனே கழத்திப் பாக்கணும். மத்த கால் இருக்குல்லா, அது செருப்பில்லாம தரையில படவே கூடாது."

இந்த ஆண்டு செட் புறப்பட்ட மாலையில் பேச்சிராஜ் இரண்டு காலிலும் பூட்ஸ் பளபளக்க வந்து சல்யூட் அடித்தார். தலைவர் மேளத்தை நிறுத்தினார்.

"பூட்ஸக் கழத்தும் வே. இல்லன்னா செட்டுல எடமில்ல."

"பூட்ஸ் இல்லாத இன்ஸ்பெக்டருக்கு எந்தத் திருடன் அண்ணாச்சி பயப்படுவான்?"

"கழத்தும்ங்கேன்!"

பேச்சிராஜ் உட்கார்ந்தார். கால்சட்டையைச் சுருட்டினார். இடது காலைப் பூட்ஸோடு முழுசாகக் கழற்றித் தலைவர் கையில் கொடுத்தார்.

"போன வருசம் உம்ம பேச்சக் கேட்டு ஒண்ணு போச்சு. இந்தாரும், இதையும் வச்சிக்கிடும். வலது கால மட்டும் தரமாட்டேன்."

லத்தியை ஊன்றி எழுந்து, விசில் ஊதியபடி ஒற்றைக் காலில் தாவிக் கிளம்பினார். மேளக்காரர் அடித்தார் பாருங்கள் ஒரு அடி! காளி வேஷக்காரர் நாக்கு கழன்று விழச் சிரித்தார். குரங்கு வேஷம் தரையில் உருண்டது. காலைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு தலைவர் பின்னால் ஓடினார்.

"ஏலே, நில்லுலே! கால மாட்டிக்கிட்டுப் போலே! அங்கன முள்ளு கெடக்குலே!"

முள் கிடப்பது அவருக்கே தெரிந்திருக்கிறது!

தெருமுனையில் பேச்சிராஜ் நின்றார். தோல் சிவக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, தலைவரிடமிருந்து காலை வாங்கி மாட்டினார். பிறகு இரண்டு பூட்ஸும் புழுதி கிளப்ப அவர் ஆடினார். மூச்சிரைத்துக்கொண்டிருந்த தலைவரால் தடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் தாளத்துக்கு ஆடியது.

உங்கள் தெருவிலும் ஒரு செட் கிளம்பும். அதில் சர்க்கரை நோய் உள்ள ஆளை உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். செருப்பை நீங்களே மாட்டிவிடுங்கள். யாராவது மேளத்தை நிறுத்தினால், மறுபடி கொட்டச் சொல்லுங்கள்.