மாமாவுக்குப் பெண் யார்?

எங்கள் மாமா காலேஜில் படிப்பதாகத்தான் வீட்டில் பேச்சு. உண்மையில் அவர் படித்ததெல்லாம் கொலையும் களவும் மலிந்த நாவல்கள். அம்மாவின் தம்பி; மயிலாப்பூரில் எங்களோடுதான் இருந்தார். எட்டு வயசுக்காரியான எனக்கு அவரை விட்டால் கதை சொல்ல நாதி கிடையாது.

கதைகளில் மூன்று ஜாதி என்பது மாமாவின் கட்சி. "நடந்து முடிஞ்சதை யார் பண்ணினான்னு தேடினா துப்பறியற கதை. எதிர்ல நிக்கறதைப் பாத்து ரத்தம் உறைஞ்சா பயங்கரக் கதை. ஆபத்து வரப்போறது தெரியும், தடுக்க நேரமிருக்கான்னுதான் தெரியாது, அது திகில் கதை. புரிஞ்சுதாடீ, அசடு?" எனக்குப் பிடித்தது முதல் ஜாதிதான்.

சின்னப் பெண்களுக்குக் கல்யாணம் செய்யக்கூடாதென்று சட்டம் வரப்போகிறது என்று ஊரே பதறிக்கொண்டிருந்த சமயம் அது. அதற்குள் முடித்துவிடவேண்டுமென்று மாடவீதிகளில் ஓயாத மேளச் சத்தம். எங்கள் வீட்டிலும் அப்பாவும் புரோகிதரும் குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். விடுவேனா? கதவிடுக்கில் காதை வைத்தேன். மாமாவின் நட்சத்திரம் அடிபட்டது. மறுநாள் பட்டுக்கரை வேஷ்டி ஒன்று பெட்டிக்குள் போயிற்று. துப்புத் துலங்கிவிட்டதென்று மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, உங்களுக்குத்தான் கல்யாணம்!"

அவர் திடுக்கிட்டுப் போனார். அவரிடமே யாரும் சொல்லவில்லை. "பொண்ணு யாருடீ?"

"அதை இனிமேதான் கண்டுபிடிக்கணும்."

அதற்கு ரொம்பப் பாடுபடவேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் தட்டான் புது வளையல் கொண்டுவந்தான். அம்மா என் கையைப் பிடித்து மாட்டினாள். கச்சிதமாக இறங்கியது.

"மாப்பிள்ளை ஆத்துலயே இருக்கார், தேடி அலையவேண்டாம்" என்று புரோகிதர் சிரித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனைக் கட்டிக்கொள்வது எங்களில் வழக்கம்தான். ஆனால் என் மாமாவையா? நானா? வாசற்படியில் நின்ற மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இவ கொழந்தை" என்றார்.

"சட்டம் வந்துட்டா அப்புறம் யார் பண்ணிவைப்பா?" என்று அப்பா எரிந்து விழுந்தார். அம்மா என் கையிலிருந்து வளையலைக் கழற்றினாள். கல்யாணமானபோது அவள் என்னைவிடச் சின்னவளாம்.

மறுநாள் பொழுது விடிந்தபோது மாமாவைக் காணோம். மாம்பலம் ஸ்டேஷனில் பார்த்ததாகப் பால்காரன் சொன்னான். எங்கே போகிற ரயிலோ, யாருக்குத் தெரியும்?

"உன் தம்பி மானத்தை வாங்கிட்டானேடீ!" என்று அப்பா குதித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் விக்கி விக்கி அழுதேன். ஊரைவிட்டு ஓடுகிற அளவுக்கா என்னைப் பிடிக்கவில்லை?

அம்மா என் முகத்தைத் துடைத்து, உள்ளே கூட்டிப்போய் இலை போட்டுப் புளியோதரை வைத்தாள். பண்டிகை இல்லை, நாள் கிழமை இல்லை. பெரிய வெண்கலப் பானையில் அடியில்தான் கொஞ்சம் மீந்திருந்தது. குளித்து மடி உடுத்தாமல் எங்கள் சமையலறைக்குள் யாரும் நுழைய முடியாது. அந்த வேளையில் மடியாக இருப்பவள் அம்மா ஒருத்திதான். ரயிலில் போகிறவர்களுக்குத்தான் எங்கள் வீட்டில் புளியோதரை கட்டிக்கொடுப்பார்கள்.

மகா துப்பறிவாளியான நான், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.