ஆர்வில் திறந்த மூடி

எங்கள் விஸ்கான்சின் ஊரில் ஆர்வில் டெஷ் என்பவன் முட்டையைப் பற்றி வாயைத் திறந்தால் கோழிகளே வெட்கப்படும். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவன். ஓய்வு பெற்ற மறுவாரம் முட்டை பொரிக்கவைக்கும் இன்குபேட்டர் பெட்டி ஒன்று வாங்கினான். அதற்கு மறுநாளே நிபுணனாகிவிட்டான். முட்டையை விளக்கில் காட்டி, ஒரு கண்ணை மூடி, "ம்ம்ம்" என்பான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

போன ஏப்ரலில் என் சேவலை ரக்கூன் தூக்கிக்கொண்டு போனது. நானும் என் புருஷனும் பதினெட்டு வருடம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த சாம்பல் நிறக் கோழி வம்சம் அது. அவர் போன பிறகு எனக்கென்று மிஞ்சியதும் அதுதான். சேவல் போனாலும் சில நாள் பெட்டைகள் கரு கூடிய முட்டை இடும். பதினான்கு சேர்ந்தன. அதில் ஒரே ஒரு சேவல் குஞ்சு பொரித்தால் போதும், வம்சம் தப்பிக்கும். ஆனால் எந்தக் கோழியும் அடைக்கு உட்காரவில்லை. வேறு கதியில்லாமல் ஆர்விலிடம் கொடுத்தேன்.

"பதினெட்டு நாள் முட்டையத் திருப்பித் திருப்பி வைக்கணும், மார்லிஸ். கடைசி மூணு நாள் மூடியத் தொடவே கூடாது. உள்ள ஈரம் போச்சுன்னா குஞ்சும் போச்சு" என்று எனக்கே பாடம் எடுத்தான். மூடியில் 'திறக்காதே' என்று சிவப்பு மையில் எழுதியும் ஒட்டினான்.

இருபத்தோராம் நாள் ஞாயிறு. சர்ச் முடிந்ததும் பாதிச் சபையை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டான். அடித்தள அறையில், பார் மேசைமேல், பீர் பாட்டில்களுக்கு நடுவே பெட்டி. ஒரு முட்டையில் விரிசல் விட்டது. "எங்க, ஒரு தடவ மூடியத் தூக்கிக் காட்டேன்" என்றது ஒரு குரல். உடனே தூக்கினான்.

"'திறக்காதே'ன்னு போட்டிருக்கே, ஆர்வில்?" என்றாள் பேக்கரி வெர்னா.

"அது மத்தவங்களுக்கு, வெர்னா!"

ஒரே சிரிப்பு. அடுத்த விரிசலுக்கு மறுபடி தூக்கினான், அதற்கடுத்ததற்கும் தூக்கினான். ஒன்பது தடவை.

மாலைக்குள் கொத்தும் சத்தம் நின்றுவிட்டது. உள்சவ்வு காய்ந்து, ஈரத்துணி உலர்ந்த மாதிரி குஞ்சுகளை இறுக்கிப் பிடித்திருந்தது. கண்புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஓடுகளைப் பிய்த்தான், வீணாப்போனவன். ஒன்று மட்டும் பிழைத்தது. வளர்ந்ததும் பார்த்தால், பெட்டை.

"உன் முட்டையிலயே கோளாறு, மார்லிஸ். தீனி சரியில்ல" என்றான்.

இந்த வசந்தத்திலும் ஆட்கள் அவனிடம் முட்டை கொண்டுபோகிறார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஒன்பது தடவைக் கதையைச் சொல்லி அவன் மானத்தை வாங்குகிறேன். முதல் தடவை தூக்கச் சொன்னது யார் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.